கறுப்புப் பட்டையில் வீணாகும் 144 வரிகள்: லெட்டர்பாக்ஸ் வீடியோவை வைட்ஸ்கிரீன் டிவிடியாக மாற்றுவது எப்படி?

பழைய டிவிடி ஒன்றை இன்றைய எல்இடி டிவியில் போட்டுப் பாருங்கள். சில டிவிடிகளில் நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து, நடுவில் சின்னதாகப் படம் ஓடும். 43 அங்குல டிவியாக இருந்தாலும் முக்கால்வாசி அகலமும் முக்கால்வாசி உயரமும்தான் படத்துக்குக் கிடைக்கிறது. ரிமோட்டில் ‘வைட்’ என்று இருப்பதை அமுக்கினால் பக்கவாட்டுக் கறுப்பு போய்விடும், ஆனால் திரையில் இருக்கும் அத்தனை பேரும் குண்டாகிவிடுவார்கள். கல்யாண வீடியோவில் மணப்பெண்ணை அப்படிப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

இதைச் சரிசெய்ய முடியும். கணக்கு எளிது, மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எதை வெட்ட வேண்டும், எதை இழுக்க வேண்டும் என்பது புரியாமல் பொத்தான்களை அமுக்கினால் படம் கெட்டுப்போகும். அதனால் முதலில் கறுப்புப் பட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

பழைய டிவிகள் எல்லாம் 4:3 வடிவம். அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. சினிமாவும் தொடக்கத்தில் கிட்டத்தட்ட இதே வடிவத்தில்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு டிவி வரத் தொடங்கியதும், தியேட்டருக்கு மட்டுமே உரியதாக ஒன்றைக் காட்டவேண்டிய நெருக்கடி ஹாலிவுட்டுக்கு வந்தது. 1953-இல் சினிமாஸ்கோப் அறிமுகமானது. தமிழுக்கு அது 1973-இல், ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு வந்தது. இப்படி எடுத்த அகலமான படத்தை 4:3 டிவியில் காட்ட இரண்டே வழிகள் இருந்தன. பக்கங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் காட்டலாம். அல்லது முழு அகலத்தையும் காட்டி, மேலும் கீழும் மிஞ்சும் இடத்தைக் கறுப்பாக விடலாம். இந்த இரண்டாவது வழிக்குப் பெயர்தான் லெட்டர்பாக்ஸ். படத்தை மதிக்கிறவர்கள் இதைத்தான் விரும்பினார்கள். டிவியும் 4:3 ஆக இருந்த காலத்தில் அது சரியான முடிவுதான்.

பிறகு 16:9 டிவி வந்தது. 4:3 படத்தையும் 2.35:1 சினிமாஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்) படத்தையும் ஒரே திரையில் காட்ட வேண்டும், இரண்டுக்குமே இடம் அதிகமாக வீணாகக்கூடாது. 4:3 என்பது 1.33. அதை 2.35-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.77 வருகிறது, அதுதான் 16:9. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் முன்வைத்த யோசனை இது. அழகான சமரசம் என்றுதான் சொல்லவேண்டும். லெட்டர்பாக்ஸ் செய்த 4:3 வீடியோவுக்கு மட்டும் இதனால் சங்கடம் வந்தது. படத்துக்குள்ளேயே மேலும் கீழும் கறுப்பு இருக்கிறது. அந்த 4:3 படத்தை 16:9 திரையில் வைக்கும்போது பக்கங்களிலும் கறுப்பு சேர்ந்துகொள்கிறது.

இனி டிவிடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய நாடுகள். பால் டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு 720×576 பிக்சல். அமெரிக்காவிலும் கனடாவிலும் என்டிஎஸ்சி (NTSC) முறை, அங்கே 720×480. புதிதாக வருகிறவர்களுக்கு ஆச்சரியம் தரும் விஷயம் ஒன்று உண்டு: டிவிடி 4:3 ஆக இருந்தாலும் 16:9 ஆக இருந்தாலும் இந்த எண்ணிக்கை மாறுவதே இல்லை. இரண்டுக்கும் அதே 720, அதே 576.

அப்படியானால் அகலத்திரை எப்படி வருகிறது? பிக்சலின் வடிவம்தான் மாறுகிறது. டிவிடி பிக்சல் சதுரம் கிடையாது. வீடியோவுக்குள் ‘இது 4:3’ என்று குறிப்பு இருந்தால், காட்டும்போது அந்த 720 பிக்சல்கள் 768 அளவுக்கு விரிகின்றன. ‘இது 16:9’ என்று இருந்தால் அதே 720 பிக்சல்கள் 1024 அளவுக்கு விரிகின்றன. டிவிடிக்குள் படம் பக்கவாட்டில் நெருக்கிய நிலையில் இருக்கும், திரைக்கு வரும்போதுதான் விரியும். இந்த ஏற்பாட்டை அனமார்ஃபிக் என்கிறார்கள். சினிமாஸ்கோப்பும் இதே தந்திரம்தான். கேமராவில் இருக்கும் லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிலிமில் பதியவைக்கும், தியேட்டர் புரொஜெக்டரில் இருக்கும் லென்ஸ் அதை விரித்துக் காட்டும்.

இப்போது 16:9 படம் ஒன்று 4:3 டிவிடிக்குள் லெட்டர்பாக்ஸாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 576 வரிகளில் (அதாவது பிக்சல் வரிசைகளில்) படத்துக்குக் கிடைப்பது 432. மேலே 72, கீழே 72, ஆகமொத்தம் 144 வரிகள் வெறும் கறுப்பு. கால்வாசி இடம் ஒன்றுமில்லாததற்குப் போகிறது. அதே படத்தை அனமார்ஃபிக்காகச் செய்திருந்தால் 576 வரிகளும் படத்துக்கே கிடைத்திருக்கும்.

இது குடும்ப வீடியோக்காரர்கள் மட்டும் செய்த தவறு இல்லை. 1999-இல் வந்த ‘டைட்டானிக்’ டிவிடியே லெட்டர்பாக்ஸ்தான். 2.35:1 படம், 480 வரி என்டிஎஸ்சி ஃபிரேம். கணக்குப் போட்டால் படத்துக்குச் சுமார் 272 வரிகள்தான் தேறும். 2005-இல் அதை அனமார்ஃபிக்காகத் திரும்ப வெளியிட்டார்கள், அப்போது சுமார் 363 வரிகள். வாங்கியவர்கள் பலர் இரண்டாவது தடவையும் காசு கொடுத்ததற்கு நியாயம் இருந்தது.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை

உங்கள் டிவிடி உண்மையிலேயே லெட்டர்பாக்ஸ்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பல வீடுகளில் பட்டையைப் போடுவது டிவிடி இல்லை, பிளேயர். பிளேயரின் செட்டிங்கில் டிவி வடிவம் என்று ஓர் இடம் இருக்கும். அதில் ‘4:3 லெட்டர்பாக்ஸ்’, ‘4:3 பான் ஸ்கேன்’, ‘16:9’ என்று மூன்று தேர்வுகள். பழைய டிவி இருந்தபோது யாரோ 4:3 என்று வைத்திருப்பார்கள், டிவி மாறிய பிறகும் அது அப்படியே கிடக்கும். அந்த நிலையில், நல்ல அனமார்ஃபிக் டிவிடியைப் போட்டாலும் பிளேயரே 576 வரிகளை 432 ஆகச் சுருக்கிப் பட்டை சேர்த்துத்தான் அனுப்பும். செட்டிங்கை 16:9 என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

சந்தேகம் இருந்தால் டிவிடியைக் கணினியில் விஎல்சி பிளேயரில் ஓடவிடுங்கள். ஜன்னல் அகலமாகத் திறந்து படம் நிரம்பியிருந்தால் அது அனமார்ஃபிக், நீங்கள் செய்யவேண்டியது எதுவும் இல்லை. சதுரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும் ஜன்னலுக்குள் மேலும் கீழும் பட்டை தெரிந்தால் லெட்டர்பாக்ஸ்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: மூல வீடியோ எங்கே? கல்யாண வீடியோ என்றால் எடிட் செய்தவரிடம் அகலமான மூலம் இருக்கலாம். 16:9-இல் எடுத்த வீடியோவை 4:3 புராஜெக்ட்டுக்குள் இழுத்துப் போட்டதால் பட்டை விழுந்த டிவிடிகள் ஏராளம். அந்தப் புராஜெக்ட்டை 16:9 ஆக மாற்றி மறுபடி எடுத்தால் கிடைக்கும் தரத்தை, டிவிடியை வைத்துக்கொண்டு எவ்வளவு வித்தை காட்டினாலும் எட்ட முடியாது. மூலம் கேசட் என்றால் விஷயம் வேறு. சில மினிடிவி (MiniDV) கேசட் கேமராக்கள் எடுக்கும்போதே பட்டை போட்டுவிடும். பானசோனிக் டிவிஎக்ஸ்100 (DVX100) கேமராவில் லெட்டர்பாக்ஸ் என்றே ஒரு வசதி உண்டு. அப்படி எடுத்திருந்தால் கேசட்டிலேயே 432 வரிகள்தான் இருக்கும்.

வெட்டு, இழு, குறிப்பை மாற்று

மாற்றும் வேலை மூன்று அசைவுகள்தான். மேலே 72 வரி, கீழே 72 வரி வெட்டுங்கள். 720×432 மிஞ்சும். அதை உயரவாக்கில் மட்டும் 576-க்கு இழுங்கள். அப்புறம் வீடியோவின் வடிவக் குறிப்பை 16:9 என்று மாற்றுங்கள். என்டிஎஸ்சி என்றால் மேலும் கீழும் 60, மிஞ்சுவது 360, இழுக்கவேண்டியது 480-க்கு. அகலத்தை நாம் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 720 பிக்சல் 720 பிக்சலாகவே இருக்கிறது.

இழுத்த பிறகு கணினியில் அந்த ஃபிரேமை அப்படியே பார்த்தால் ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். பயப்படவேண்டாம். 16:9 குறிப்பைப் பார்த்து பிளேயர் அதை 1024 அகலத்துக்கு விரிக்கும்போது சரியாகிவிடும். டிவியிலும் அதே நெட்டை உருவம் வந்தால் குறிப்பு சரியாக எழுதப்படவில்லை என்று அர்த்தம். மறுபடி முழு வீடியோவையும் என்கோட் செய்யாமல் (அதாவது சுருக்கிப் பதிவு செய்யாமல்) குறிப்பை மட்டும் திருத்தினால் போதும். இந்தக் குறிப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது: எம்பெக்-2 (டிவிடி பயன்படுத்தும் வீடியோ வடிவம்) வீடியோவின் தலைப்பகுதியில் ஒன்று, டிவிடியின் ஐஎஃப்ஓ கோப்பில் இன்னொன்று. இரண்டும் ஒன்றையே சொல்லவேண்டும். டிவிடிஸ்டைலர் போன்ற மென்பொருளில் டிவிடியைத் தயாரிக்கும்போது 16:9 என்று தேர்வு செய்ய மறந்தால் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல் வரும்.

சரி, ஸ்கோப் படம் என்றால் எவ்வளவு வெட்டுவது? நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. 2.35:1 படம் 4:3 பால் ஃபிரேமுக்குள் இருந்தால் படத்துக்குச் சுமார் 327 வரிகள், மேலும் கீழும் சுமார் 124 வரிகள் கறுப்பு. கறுப்பு எல்லாவற்றையும் வெட்டிவிடலாமே என்றுதான் தோன்றும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச வீடியோ மென்பொருளில் கறுப்பைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு, அதுவும் 124-ஐ ஒட்டித்தான் சொல்லும். அதை நம்பி வெட்டி, மிஞ்சிய 327 வரிகளை 576-க்கு இழுத்தால் முகங்கள் எல்லாம் பூசணி விதை போல நீண்டுவிடும்.

ஸ்கோப் படத்துக்கும் வெட்டவேண்டியது அதே 72 தான். நாம் 4:3 சட்டத்தை 16:9 சட்டமாக மாற்றுகிறோம், அதற்கு வேண்டியது மொத்தம் 144 வரிகள். உள்ளே இருக்கும் படம் என்ன வடிவம் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. வெட்டிய பிறகும் மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு மிஞ்சும், மிஞ்சட்டும். 327 வரிப் படம் இழுத்த பிறகு 436 வரியாகும். 1024-ஐ 436-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.35 வரும். திரையின் முழு அகலத்துக்கும் படம், மேலும் கீழும் மெல்லிய பட்டை. ஸ்கோப் படம் 16:9 டிவியில் அப்படித்தான் தெரியவேண்டும்.

இன்னொரு தொல்லை சப்டைட்டில். கீழ்ப் பட்டையில் எழுத்து பதிந்திருந்தால் 72 வரியை வெட்டும்போது அதுவும் போய்விடும். ஸ்கோப் படத்தில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மொத்தம் 144 வெட்டவேண்டும், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக வெட்டவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மேலே 124 வரையும் கறுப்புதான். மேலே 124, கீழே 20 என்று வெட்டுங்கள். படம் திரையின் மேல் விளிம்பை ஒட்டி உட்காரும், கீழே அகலமான பட்டையும் அதில் சப்டைட்டிலும் பத்திரமாக இருக்கும். 16:9 படத்தில் இப்படி நகர்த்த இடம் கிடையாது. அங்கே எழுத்து பட்டைக்குள் இருந்தால், என் யோசனை, அந்த டிவிடியைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

விஎச்எஸ் கேசட்டிலிருந்து எடுத்த வீடியோவில் பட்டை சரிசமமாக இருக்காது. படம் சில வரிகள் மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கும். ஒரு பக்கம் 68, மறுபக்கம் 76 என்று பார்த்து வெட்டுங்கள், கூட்டினால் 144 வரவேண்டும், அவ்வளவுதான். எண்கள் நாலால் வகுபடுபவையாக இருக்கட்டும். நிறத் தகவல் இரண்டு வரிக்கு ஒன்றாகச் சேமிக்கப்படுகிறது, இன்டர்லேஸ் வீடியோவில் (அது என்ன என்று அடுத்த பகுதியில் வருகிறது) அது நாலு வரிக் கணக்காகிவிடும். நடுவில் வெட்டினால் நிறம் தடம் மாறும். கேசட் வீடியோவில் அடியோரத்தில் துடிக்கும் கோடுகள் சில இருக்குமே, அவை கீழ்ப் பட்டைக்குள்தான் இருக்கும். வெட்டும்போது அவையும் சேர்ந்து தொலைந்துபோவது கூடுதல் லாபம்.

இன்டர்லேஸ்: அவசரப்படக்கூடாத இடம்

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள். படம் நிரந்தரமாகக் கெடுவது இங்கேதான்.

பழைய வீடியோ கேமரா ஒரு ஃபிரேமை ஒரே கணத்தில் பிடிப்பதில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகளை அதிலிருந்து 50-இல் ஒரு பங்கு நொடி கழித்தும் பிடிக்கிறது. இரண்டும் பின்னிக்கொண்டு ஒரு ஃபிரேமாகின்றன. யாராவது வேகமாகக் கை வீசும் இடத்தில் கணினியில் நிறுத்திப் பாருங்கள். கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் அது இன்டர்லேஸ்.

இதை அப்படியே 432-லிருந்து 576-க்கு இழுத்தால் இரண்டு கணங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். சீப்புப் பல் தடித்து, அரைகுறையாக மங்கி, படத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. அதனால் இழுப்பதற்கு முன்பே பிரிக்கவேண்டும். எளிய வழி, எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கும் யாடிஃப் (yadif) அல்லது பிடபிள்யூடிஃப் (bwdif) வடிகட்டியைப் போட்டு நொடிக்கு 25 முழு ஃபிரேம்களாக மாற்றிக்கொள்வது. கல்யாண வீடியோவுக்கு இது பரவாயில்லை, ஆனால் அசைவில் ஒரு வழுக்கல் குறைந்துபோகும். நடனம், விளையாட்டு போன்றவற்றில் அது கண்ணில் படும். நல்ல வழி, நொடிக்கு 50 ஃபிரேம்களாகப் பிரித்து, வெட்டி இழுத்த பிறகு மறுபடி இன்டர்லேஸ் ஆக்குவது. டிவிடி அதை ஏற்றுக்கொள்ளும், அசைவும் அப்படியே இருக்கும். நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டும். குழந்தையின் அரங்கேற்றம் பதிவான ஒரே கேசட் என்றால் நான் இந்த இரண்டாவது வழியைத்தான் செய்வேன்.

சினிமா என்றால் நிலைமை சுலபம். நொடிக்கு 24 ஃபிரேம் பிலிமை பால் முறையில் 25 ஆக ஓட்டிப் பதிவார்கள். ஒரு ஃபிரேமின் இரண்டு பாதிகளும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை, சீப்புப் பல் இருக்காது. நேரடியாக வெட்டி இழுக்கலாம். என்டிஎஸ்சி சினிமா டிவிடியில் மட்டும் 24-ஐ 30-க்குப் பொருத்தச் சில ஃபிரேம்களைக் கலந்திருப்பார்கள். அதை முதலில் பிரித்து 24-க்குக் கொண்டுவரவேண்டும். அதற்கான வடிகட்டியும் எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கிறது.

என்கோட் செய்யும்போது

இந்த 720×576 அளவு வீடியோவை டிவிடி எம்பெக்-2 ஆகத்தான் ஏற்கும். எம்பி4 கோப்பை டிவிடியில் எழுதிவிட்டு, பழைய பிளேயரில் ஓடவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு, ஓடாது. வீடியோ பிட்ரேட்டின் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தகவலின் அளவு) உச்சவரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட். சாதாரண டிவிடியில் 4.7 ஜிகாபைட் இடம். ஒரு மணி நேரப் படம் என்றால் தாராளமாக 8 மெகாபிட் கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் ஒலியும் சேர்த்து 5 சொச்சம்தான் கட்டுப்படியாகும், அப்போது இரண்டு சுற்று என்கோடிங்கைத் தேர்வு செய்யுங்கள். கறுப்புப் பட்டைக்குப் பிட் செலவு ஏறக்குறைய இல்லை. இப்போது அந்த இடத்திலும் படம் வந்துவிட்டதால் பழைய பிட்ரேட்டையே கொடுத்தால் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியலாம். ஒலியை மறுபடி என்கோட் செய்யவேண்டாம், இருப்பதை அப்படியே நகலெடுங்கள்.

மென்பொருள் என்று பார்த்தால் வெட்டுவது, இழுப்பது, இன்டர்லேஸைப் பிரிப்பது, என்கோட் செய்வது எல்லாவற்றையும் எஃப்எஃப்எம்பெக் ஒன்றே செய்யும், டிவிடியாகத் தொகுக்க மட்டும் டிவிடிஸ்டைலர் போன்ற ஒன்று வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் பால் டிவிடிக்கென்று தயாராக ஓர் இலக்குத் தேர்வும் இருப்பதால், பிட்ரேட், ஒலி வடிவம் போன்றவை விதிக்குள் தானாக அமைந்துவிடும். கட்டளை தட்டச்சு செய்யப் பிடிக்காதவர்கள் எடிட்டிங் மென்பொருளில் 16:9 பால் டிவிடி புராஜெக்ட் திறந்து, வீடியோவை உள்ளே போட்டு, அகலம் முழுவதும் நிரம்பும்வரை பெரிதாக்கலாம். அகலமும் உயரமும் சேர்ந்தே பெரிதாகும்படி பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மேல்கீழ்ப் பட்டைகள் தானாகவே திரைக்கு வெளியே போய்விடும். கணக்கு அதேதான், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

இதனால் தரம் கூடுமா?

கூடாது. 432 வரியில் இருந்த தகவல்தான் 576 வரியில் பரவியிருக்கிறது. புதிதாக ஒரு புள்ளிகூட வரவில்லை, மறுபடி என்கோட் செய்ததில் கொஞ்சம் இழக்கவும் செய்திருப்போம். டிவி ரிமோட்டில் இருக்கும் ‘ஜூம்’ பொத்தானும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் வீட்டில், உங்கள் டிவியில் மட்டும் பார்ப்பதற்கென்றால் ஜூம் அமுக்கிவிட்டுப் பார்த்துவிடலாம், இத்தனை பாடு தேவையில்லை.

ஆனால் சில இடங்களில் மாற்றுவது உண்மையிலேயே பயன்படும். கேசட்டிலிருந்து முதல்தடவையாக டிவிடி போடுகிறீர்கள் என்றால் எப்படியும் ஒரு தடவை என்கோட் செய்தே ஆகவேண்டும். அதை அனமார்ஃபிக்காகச் செய்வதே புத்திசாலித்தனம், நிதானமாக இயங்கும் நல்ல வடிகட்டி இழுக்கும் படம், டிவி அவசரமாக இழுக்கும் படத்தைவிடப் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பழைய லெட்டர்பாக்ஸ் துண்டுகளையும் புதிய 16:9 துண்டுகளையும் ஒரே டிவிடியில் சேர்ப்பதென்றாலும் வேறு வழியில்லை. இல்லாவிட்டால் பாதியில் வடிவம் மாறும்போதெல்லாம் ரிமோட்டைத் தேடவேண்டும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் டிவிடிக்கும் அப்படித்தான். அவர்கள் பிளே அமுக்கியதும் படம் சரியாக வரவேண்டும், ஜூம் எங்கே என்று ஃபோனில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மூலத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். கேசட்டோ பழைய டிவிடியோ, அதன் முழு நகல் ஒன்று ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.

கடைசியாக, மொத்தத்தையும் என்கோட் செய்வதற்கு முன் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் மாற்றி, அழித்து எழுதக்கூடிய டிவிடியில் போட்டு, உண்மையான பிளேயரில், உண்மையான டிவியில் பாருங்கள். உருண்டையான பொருள் ஒன்று வரும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். தாம்பாளம், சுவர்க் கடிகாரம், நேராகப் பார்க்கும் முகத்தில் இருக்கும் பொட்டு, எதுவானாலும் சரி. திரையில் ஸ்கேலை வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வடிவம் சரி. அப்புறம் அதே துண்டில் யாராவது வேகமாக நடக்கும் இடத்தைப் பாருங்கள். ஓரங்கள் சிதறாமல், அசைவு முன்னும் பின்னும் உதறாமல் இருந்தால் இன்டர்லேஸும் சரி. இரண்டும் தேறினால் முழு வீடியோவையும் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.